அவனாக இருக்கலாம்

என் தம்பி வீட்டைவிட்டுப் போனது ஆடித்தபசு அன்று. சங்கரன்கோவிலில் ஒருவன் காணாமல் போவதற்கு அதைவிடத் தோதான நாள் கிடையாது. அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே ஊருக்குள் இறங்கியிருக்கும். பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் அது பண்டிகை இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் ரத்தப் பரிசோதனைக்கு வரமாட்டார்கள் என்பதால் நான் வேலை பார்க்கும் லேபை மத்தியானமே பூட்டிவிடுவோம். வீட்டுக்கு வந்து படுத்தவுடன் தம்பி மனைவியிடமிருந்து போன்.

“மதினி, அவுக அங்கன வந்தாகளா?”

“இல்லையே. என்னட்டி?”

“காலையில தறிக்கு பார்ட்ஸ் வாங்கிட்டு வாரேன்னு போனாக. போன் இங்கனயே சார்ஜுல கெடக்கு.”

தம்பி விசைத்தறி மெக்கானிக். ஆடித்தபசு அன்று ஊரில் எந்தத் தறியும் ஓடாது, எந்த பார்ட்ஸ் கடையும் திறந்திருக்காது. அதை அவள் சொல்லிவிட்டு அவளே யோசித்திருக்க வேண்டும். “இன்னைக்கு ஏது மதினி கடை?” என்றாள்.

அவனுக்கு அதற்கு முன்பே மனசு சரியில்லாமல் இருந்தது. தூக்கம் போனது, பிறகு பேச்சு குறைந்தது, பிறகு யாரோ தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு நன்றாக ஆனான். நன்றாக ஆகிவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டான். பிள்ளைகள் இல்லை. அம்மாவும் அவனும் அவளுமாக ஒரு வீடு. என் வீடு இரண்டு தெரு தள்ளி.

அன்றைக்கு ஊரில் அத்தனை கூட்டம் இருந்ததால் அவனைப் பார்த்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஒருவர் ரத வீதியில் பார்த்திருந்தார். ஒருவர் ரயில்வே ஸ்டேஷனில் பார்த்திருந்தார். இன்னொருவர் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவன் உட்கார்ந்திருந்ததாகச் சத்தியம் செய்தார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். யாரும் பொய் சொல்லவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை, நடுத்தர உயரம், முன் வழுக்கை என்று நாங்கள் சொன்னோம். அப்படி ஓர் ஆளை அந்தக் கூட்டத்தில் எல்லோருமே பார்த்திருப்பார்கள்.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவன் படத்தோடு என் போன் நம்பரையும் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினோம். அதன் பிறகு வந்த அழைப்புகள் எல்லாம் எனக்குத்தான். முதல் அழைப்பு சிவகிரியிலிருந்து. அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். தேங்காய் மண்டி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஆளைக் காட்டினார்கள். அம்மா அவன் தோளைத் தொட்டுத் திருப்பினாள். யாரோ ஒரு சின்ன வயசுக்காரன். “என்னம்மா வேணும்?” என்று கேட்டான். அம்மா வீட்டுக்கு வந்து காய்ச்சலில் விழுந்தாள். அதற்குப் பிறகு நான் தனியாகவே போக ஆரம்பித்தேன், போகிற இடத்தை யாரிடமும் சொல்லாமல்.

லேபில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடந்து வந்து, சிரித்துப் பேசி, கையை நீட்டி ரத்தம் கொடுத்த ஒருவருக்கு, சாகக் கிடக்கிறவருக்கு வரக்கூடிய அளவு பொட்டாசியம் என்று மெஷின் காட்டினால், அந்த மனிதரைக் கூப்பிட்டுப் பயமுறுத்த மாட்டோம். முதலில் குழாயில் ரத்த அணுக்கள் உடைந்து அளவைக் கூட்டிக் காட்டுகின்றனவா என்று பார்ப்போம். மறுபடி எடுப்போம். மெஷின் சொன்னதைத் தூக்கி எறிவதும் இல்லை, அப்படியே விழுங்குவதும் இல்லை. இத்தனை வருஷத்தில் அது என் கையில் ஊறிப்போன விஷயம். தம்பியைப் பற்றி வந்த ஒவ்வொரு சேதியையும் நான் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன்.

இதை நம்புகிறேனா, இல்லையா என்று என்னையே கேட்டுப் பார்த்தால் பதில் வராது. இதற்காக எவ்வளவு தூரம் போவேன் என்று கேட்டால் வரும். வாசுதேவநல்லூரில் டீக்கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவனாக இருக்கக் கொஞ்சமே வாய்ப்பு இருந்தாலும் பஸ் ஏறிவிடுவேன். மும்பையில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னபோது, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் அனுப்பவில்லை. நான் போகவில்லை. போகாததற்காக என் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் இப்படி ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் எடை போட்டுப் போட்டு, கொஞ்ச நாளில் எனக்கு எதிலும் ருசி இல்லாமல் போயிற்று. சாப்பாடு, சீரியல், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம், எதுவும்.

அம்மாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவன் இருக்கிறான். அவ்வளவுதான். சர்ச்சில் வேண்டுதல் வாசிக்கும்போது, காணாமல் போன மகனுக்காக என்று போதகர் சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “சுகமாத் திரும்பி வாரதுக்காக ஸ்தோத்திரம்னு வாசிங்கய்யா” என்றாள். வராத மகனுக்காக முன்கூட்டியே நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் சித்தப்பா இதற்கு நேர் எதிர். மூன்றாம் மாதமே, “அவன் போய்ட்டான். இனி பேசிப் பிரயோசனம் இல்ல” என்று முடித்துவிட்டார். அம்மாவும் சித்தப்பாவும் நிம்மதியாகத் தூங்கினார்கள். நானும் தம்பி மனைவியும்தான் கண் எரியக் காலையில் எழுந்தோம்.

கார்த்திகை மழை விட்ட பிறகு ஒரு நாள் காலையில் எஸ்.ஐ. கூப்பிட்டார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு குளத்தில் உடம்பு ஒன்று கிடைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். நான், என் வீட்டுக்காரர், சித்தப்பா, தம்பி மனைவி நான்கு பேரும் போனோம். ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க பாத்துட்டு வாங்க மதினி” என்றாள்.

முகம் இல்லை. தண்ணீரும் மீனும் எடுத்துக்கொண்ட முகம். சட்டையில் நீலக் கட்டம் இருந்தது. உயரம் சரியாக இருந்தது. காலைப் பார்த்தேன். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம். எங்கள் அப்பாவுக்கு அப்படி, தம்பிக்கு அப்படி, எனக்கும் அப்படி. அந்த விரலைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு லேபில் நிற்கிற மாதிரி நின்று யோசித்தேன். இந்த விரல் ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு. இந்தச் சட்டையும் எத்தனையோ பேரிடம் உண்டு. தண்ணீரில் கிடந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் ஆடியிலிருந்து கார்த்திகை வரை அவன் ஒரு பஸ் தூரத்தில், அதே சட்டையோடு இருந்திருக்க வேண்டும். நானே அந்த ஊருக்கு எத்தனை முறை வந்து தேடியிருக்கிறேன்! அதுவும் பொருந்தவில்லை.

“என்னம்மா, உங்க தம்பியா?” என்று எஸ்.ஐ. கேட்டார்.

“இருக்கலாம் சார்.”

“இருக்கலாம்னா?”

“பாதிக்குப் பாதி சார். அதுக்கு மேல என்னால சொல்ல முடியல.”

அவர் கோபப்படவில்லை. அவரும் காலையிலிருந்து சாப்பிடாதவர் போலத்தான் இருந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, “பாதி உடம்பை உங்ககிட்ட குடுக்க முடியாதும்மா” என்றார்.

வெளியே வந்ததும் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏட்டி, அவன்தான்னு சொல்லிரு. அடக்கம் பண்ணி ஒரு ஜெபத்தப் பண்ணிட்டா அந்தப் புள்ளைக்கும் ஒரு முடிவு கெடச்சிரும்.”

“அவன் இல்லைன்னா?”

“இல்லைன்னா என்னட்டி? செத்தவனுக்கு ஒரு குழி கெடைக்கும். அவன் எங்கயாவது இருந்தா எப்ப வேணும்னாலும் வரலாம்லா?”

அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒரு நிமிஷம் எனக்கே ஆசையாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி எந்த போனையும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நான் ஆமாம் சொன்ன நாளோடு தம்பியைத் தேடுவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அவன் எங்காவது ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தால், தான் புதைக்கப்பட்டது தெரியாமல் உட்கார்ந்திருப்பான். உள்ளே கிடக்கிறவன் வேறு யாராவது என்றால், அவன் வீட்டில் ஒருத்தி இதே மாதிரி போனுக்காகக் காத்திருப்பாள். அவளுக்கு இனி எந்தக் காலத்திலும் சேதி கிடைக்காது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டி.என்.ஏ. பார்க்கலாம் சார் என்றேன்.

அதற்கு அம்மாவின் ரத்தம் வேண்டும். அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன், விரலை மட்டும் விட்டுவிட்டு.

“ரத்தம்தான? எடுத்துக்கோ. அது என் பிள்ளை இல்ல” என்றாள்.

“இருக்கலாம்மா. நீ மனசைத் தயார் பண்ணிக்கணும்.”

“நீ அந்த லேபுல கெடந்து கெடந்து இப்படி ஆயிட்ட. ஒண்ணையும் முழுசா நம்ப மாட்ட. உனக்குக் கஷ்டம்லா மக்கா?”

கஷ்டம்தான். முறத்தை வாங்கி மீதி அரிசியைப் புடைத்தேன்.

ரிசல்ட் வர மாதங்கள் ஆயின. அந்த நாட்களில் தம்பி மனைவி ஒரு நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வாங்கி அவளே நறுக்க ஆரம்பித்தாள். குனிந்தபடியே பேசினாள்.

“காலையில எந்திக்கும்போது அவுக செத்துட்டாகன்னு நெனைக்கேன் மதினி. அழுதுட்டு வேலைக்குப் போறேன். சாயந்தரம் தெருவுல திரும்பும்போது வீட்டுல இருப்பாகன்னு நெனைக்கேன். வேகமா நடந்து வாரேன். ரெண்டுல ஏதாவது ஒண்ணு போதும்னு இருக்கு. நீங்க ரெண்டையும் எப்படிச் சேத்து வச்சிருக்கிய?”

“நல்லாவா வச்சிருக்கேன்? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன்.

ரிசல்ட் வந்தது. குளத்தில் கிடந்தவர் என் அம்மாவின் மகன் இல்லை.

அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். தம்பி உயிரோடு இருப்பது நிரூபணமாகிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் இருக்கிறான் என்று எந்த ரிசல்ட்டும் சொல்லவில்லையே. குளத்துச் சேதி வருவதற்கு முன்னால் எவ்வளவு நம்பினேனோ, அந்த இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறேன், கூடிப் போனால் ஓர் அடி முன்னால். இதை என் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னேன்: “அந்த ஒரு குளத்துல அவன் இல்ல. மத்த குளத்தைப் பத்தி அந்தப் பேப்பர்ல ஒண்ணும் இல்ல.”

“சரிதான். ஆனா அத்தைகிட்ட இதச் சொல்லிராத” என்றார்.

எஸ்.ஐ.யிடம் மட்டும் கேட்டேன், அந்த ஆளை என்ன செய்வீர்கள் என்று. விளம்பரம் கொடுத்திருக்கிறோம், யாரும் வராவிட்டால் நாங்களே அடக்கம் செய்துவிடுவோம் என்றார். அன்று முழுக்க அந்த மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். லட்டை வாயில் வைக்க முடியவில்லை.

கொல்லத்திலிருந்து அழைப்பு வந்தது அடுத்த கோடையில். தெருவில் சுற்றுகிறவர்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம்; எங்கள் வாட்ஸப் படம் அங்கேயும் போயிருந்தது. பேசிய பெண் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். பிளாட்பாரத்தில் கண்டெடுத்த ஓர் ஆள், எப்போதாவது ‘சங்கரன்கோவில்’ என்கிறாராம். பெயர் கேட்டால் வேறு ஏதோ பெயர் சொல்கிறாராம். போட்டோ அனுப்பினார். மொட்டைத் தலை, தாடி, ஒடுங்கிய கன்னம். எனக்கு அந்த முகம் எதையும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வேலைக்கு என்று கேரளாவுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அவனாக இருக்க மனசுக்குள் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு கொடுத்தேன். அந்தப் பத்தில் ஒன்றையும் கொடுக்கும்போது எனக்கு அலுப்பாக இருந்தது. மறுபடி முதலிலிருந்தா என்று இருந்தது.

“அவரிடம் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்” என்றேன். மறுநாள் கூப்பிட்டார்.

“ஒண்ணும் பேசலை சேச்சி. ஆனா இங்க தையல் மெஷின் ஒண்ணு கெட்டுப் போச்சு. அவரே போய்க் கழட்டி சரியாக்கிட்டாரு. யாரும் சொல்லலை.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்துவிட்டேன். சங்கரன்கோவில் என்ற பெயர் தனியாக வந்தால் பெரிதில்லை. மெஷினைக் கழற்றத் தெரிந்த கை தனியாக வந்தாலும் பெரிதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் என்றால்? பத்தில் ஒன்று என்று வைத்திருந்தது பாதியைத் தாண்டிவிட்டது. ரயில் ஏறலாம் என்று முடிவு செய்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பி மனைவியிடம் சொன்னேன். போட்டோவைக் காட்டப் போனபோது கண்ணைப் பொத்திக்கொண்டாள். “காட்டாதிய மதினி. நான் பாத்து ஆமான்னு நெனைச்சு, அப்புறம் இல்லைன்னு ஆனா என்னால முடியாது. போய்ட்டு வாங்க. அவுகன்னா கூப்பிடுங்க. இல்லைன்னா பேசாம வந்துருங்க.”

நானும் என் வீட்டுக்காரரும் செங்கோட்டை வழியாகப் போனோம். மலைக்குள் ரயில் போகும்போது அவர் ஜன்னல் வழியாகக் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. அவன் இல்லை என்றால் எப்படித் திரும்பி வருவது, அவன்தான் என்றால் எப்படித் திரும்பி வருவது என்று இரண்டுக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இல்லத்தின் பின்பக்க வராந்தாவில் ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை. எலும்பு தெரிகிற தோள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதங்கள் எடை போட்டவளுக்கு அங்கே எடை போட நேரமே இருக்கவில்லை. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்தான்.

“யக்கா. பஸ்லயா வந்த?” என்றான்.

“ரயில்லடா.”

“கூட்டமா?”

“இல்லடா. உக்காந்துதான் வந்தோம்.”

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தான். நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்க வேண்டும்போல இருந்தது. என் வீட்டுக்காரர்தான் வெளியே போய் ஊருக்கு போன் செய்தார்.

ஊருக்குக் கூட்டிவந்த அன்று அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவனைக் கட்டிக்கொண்ட கையோடு என் பக்கம் திரும்பி, “நான் சொன்னேன்லா?” என்றாள். தெருவே அதைத்தான் சொன்னது, அம்மாவின் நம்பிக்கை ஜெயித்துவிட்டது என்று. சித்தப்பா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அவன் கன்னத்தைத் தட்டி, “எனக்கு அப்பவே தெரியும்டே, நீ எங்கயும் போயிருக்க மாட்டன்னு” என்றார். அம்மா பழத்தை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். அவரும் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார்.

அம்மா சொன்னது நடந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளத்தில் கிடந்தது அவனாகவே இருந்திருந்தாலும், ரத்தம் கொடுக்கிற அன்று அவள் இதே உறுதியோடு இதையேதான் சொல்லியிருப்பாள். அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாத ஒரு உறுதி, அவனைப் பற்றி எனக்கு என்ன சொல்லிவிட முடியும்? அது அம்மாவைப் பற்றித்தான் சொல்லியது. அவள் அந்த உறுதி இல்லாமல் அத்தனை மாதங்கள் சோறு தின்றிருக்க மாட்டாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் சர்ச்சில் யாராவது அந்தக் கதையைச் சொன்னால், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

தம்பி மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். முதல் ஒரு வாரம் அவனோடு பேசவே இல்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவன் முன்னால் உட்கார்ந்து கத்தித் தீர்த்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். எங்கே போனான், எப்படிப் போனான் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் மறுபடி மாத்திரை ஆரம்பித்தோம்.

டாக்டரிடம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். மறுபடி போவாரா? அவர், “அதை யாரும் உறுதியா சொல்ல முடியாதும்மா. மாத்திரையை விடாம பாத்துக்குங்க” என்றார். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றபோது அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.

“நீங்க சொல்லுங்க மதினி. போவாகளா?”

போகமாட்டான் என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்துக்கு அது நன்றாக இருந்திருக்கும்.

“போகலாம்ட்டி. ஆனா மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டா போகமாட்டான்னுதான் நான் அதிகமா நெனைக்கேன்.”

அவள் மருந்துக்கடைக்காரரிடம் மாத்திரையை வாங்கி அட்டைகளை எண்ணினாள்.

“அப்ப நாளையில இருந்து நான் வேலைக்குப் போறேன்” என்றாள். “மத்தியான மாத்திரையை அத்தையைக் குடுக்கச் சொல்லுதேன். நீங்க லேபுல இருந்து போற வழியில ஒரு எட்டு வந்து, சாப்பிட்டாகளான்னு மட்டும் பாத்துருங்க.”

சரி என்றேன். மறுநாள் அவள் வேலைக்குப் போனாள்.